சூடையும் சூடும்

(இராமநாதபுரத்தில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘நாட்பட்ட அழற்சி’ என்று அச்சடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். நாற்பது வருடம் இந்தச் சீமையில் நோயாளிகளைப் பார்த்தவன் நான். ‘எனக்கு அழற்சி இருக்கு’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. கடுப்பு என்பார்கள், உளைச்சல் என்பார்கள், வாயு என்பார்கள். எதிலும் அடங்காவிட்டால் ‘உடம்பெல்லாம் சூடுய்யா’ என்பார்கள். அந்தச் சூட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

பாம்பன் பக்கத்து அம்மா ஒருவர். பெயர் வேண்டாம். கரையில் சங்காயம், அதாவது வலையில் விழும் பொடி மீன், காயப்போடும் வேலை. மூட்டுவலி, சர்க்கரை, இடுப்பில் சதை. ‘என்னாத்தா சாப்பிடுறீங்க?’ என்று கேட்டேன். ‘மீனை விட்டுட்டேன் ஐயா, சூடுன்னு சொன்னாங்க’ என்றார். சரி, வேறென்ன? காலையில் டீ, பத்து மணிக்கு டீயும் இரண்டு வடையும், மதியம் ரசம் சோறு, நாலு மணிக்கு டீ, ராத்திரி பேரன் வாங்கிவரும் புரோட்டா. அதன் பிறகு சுருக்குப் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். ‘மகன் துபாயில இருந்து அனுப்பினான். மூட்டுக்கு நல்லதாம். தின்னலாமா?’

மீன் எண்ணெய் மாத்திரை.

நாள் முழுக்க மீனை வாரி வாரிக் காயவைத்து மூட்டையாக அனுப்புகிறவர், மீனைச் சூடு என்று ஒதுக்கிவிட்டு, அதே மீனின் எண்ணெயை டப்பாவில் கொண்டுவந்து விழுங்கலாமா என்று கேட்கிறார். நான் சிரிக்கவில்லை. யோசித்தால் நம் கடற்கரையே அன்றைக்கு என் மேசைமேல் இருந்தது.

முதலில் அழற்சி என்றால் என்ன? கெளுத்தி முள் குத்தியிருக்கிறதா உங்களுக்கு? கடலுக்குப் போகிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். குத்திய இடம் சிவக்கும், சூடாகும், வீங்கும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். இந்த நான்கையும் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்துவிட்டார். இன்றும் மருத்துவக் கல்லூரியில் முதல் பாடம் அதுதான். ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன, கிருமியைக் கொல்கின்றன, குப்பையை அள்ளுகின்றன, புண் ஆறுகிறது. நான்கு நாளில் வீக்கம் வடிந்துவிடும். இது நோய் அல்ல, உடம்பு நமக்காகப் போடும் சண்டை. இது இல்லாவிட்டால் ஒரு முள்ளே போதும், ஆளை முடித்துவிடும்.

சிக்கல், சண்டை முடிந்த பிறகும் படை வீடு திரும்பாதபோதுதான். அதற்கு நம் ஊரில் கண்முன்னாலேயே உதாரணம் இருக்கிறது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் போனால் கரிமூட்டம் பார்த்திருப்பீர்கள். சீமைக்கருவேலங் கட்டைகளை அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, உள்ளே தீயை வைத்துவிடுவார்கள். தீ எரிவது வெளியே தெரியாது, லேசான புகை மட்டும் வரும். நாள்கணக்கில் அப்படியே கனிந்துகொண்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் மரம் இருக்காது, கரிதான் இருக்கும். நாட்பட்ட அழற்சி அந்த மூட்டம். வலிக்காது, சிவக்காது, காய்ச்சல் வராது. பத்து, இருபது வருடம் ரத்தக் குழாயின் உள்சுவரிலும் ஈரலிலும் கணையத்திலும் மூட்டிலும் கனிகிறது. பிரித்துப் பார்க்கிற அன்றைக்கு மாரடைப்பு என்கிறோம், சர்க்கரை என்கிறோம்.

இந்த மூட்டத்துக்கு யார் விறகு போடுகிறார்கள்? முதல் ஆள் தொப்பை. கொழுப்பு என்றால் சும்மா கிடக்கிற சேமிப்பு என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்லித்தந்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் கோகான் ஹோட்டமிஸ்லிகில் என்பவரும் கூட்டாளிகளும், பருத்த எலிகளின் கொழுப்பே அழற்சியை மூட்டும் வேதிப்பொருளைச் சுரக்கிறது என்றும், அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்றும் காட்டினார்கள். குறிப்பாகக் குடலைச் சுற்றி, ஈரலைச் சுற்றிப் படிகிற உள்கொழுப்பு. கன்னத்தில், தொடையில் இருப்பது அவ்வளவு பொல்லாதது அல்ல.

‘நான் ஒல்லி, எனக்கென்ன’ என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்குத்தான் அடுத்த கதை. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின், இருவரும் நண்பர்கள். 2004-இல் லான்செட் இதழில் இருவர் படமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே எண், 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லிதான். ஆனால் உடம்புக் கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம் ஆளுக்கு 21.2. மெலிந்த கை கால், உள்ளே கொழுப்பு. நம்மில் பெரும்பாலானோரின் வார்ப்பு இது. அதனால் எடைக்கருவியை நம்பாதீர்கள், அரைஞாண் கயிற்றை நம்புங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை தடவை அதைத் தளர்த்தினீர்கள்? ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80-ஐயும் தாண்டினால் மூட்டத்துக்கு விறகு ஏறுகிறது என்று பொருள். 2023-இல் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம் பேர். அவர்கள் எல்லோரும் குண்டானவர்கள் என்றா நினைக்கிறீர்கள்?

அழற்சிதான் மாரடைப்புக்குக் காரணம் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கலாம். கேட்க வேண்டும். 2017-இல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேர். கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைப் போட்டார்கள். மறு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆக, மூட்டத்தை அணைத்தால் இதயத்துக்கு லாபம். ஆனால் அதே ஊசி போட்டவர்களில் தொற்றுநோயால் இறந்தவர்கள் கொஞ்சம் கூடுதல். காவலுக்கு இருந்த படையையும் சேர்த்துக் கலைத்துவிட்டோம் அல்லவா! ஆகவே ‘அழற்சியை அடியோடு ஒழிக்கும் உணவு’ என்று யாராவது விற்றால், அவரிடமிருந்து ஒதுங்கி நில்லுங்கள்.

இந்தக் கதையில் நம் மாநில மலருக்கும் பங்கு உண்டு. செங்காந்தள். அதன் விதையிலிருந்து எடுக்கிற கோல்சிசின் வாதவீக்கத்துக்குப் பழைய மருந்து. அரை மில்லிகிராம் அளவில் இதய நோயாளிகளுக்குத் தரலாம் என்று 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். அடுத்த வருடமே மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. விஞ்ஞானம் இப்படித்தான் முன்னும் பின்னும் நடக்கும். இதைக் கேட்டுவிட்டு வேலியில் கிடக்கிற செங்காந்தளின் கண்வலிக்கிழங்கை யாரும் பிடுங்கித் தின்ன வேண்டாம். அது ஆளைக் கொல்லும் விஷம்.

இப்போது மீனுக்கு வருவோம்.

சூடை, மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி. விலை மலிவான மீன்கள். விருந்தாளி வந்தால் இவற்றை வைக்க நமக்குக் கூச்சம், சீலாவும் பாறையும் தேடுகிறோம். ஆனால் ஒமேகா மூன்று என்கிற கொழுப்பு இந்தச் சின்ன எண்ணெய் மீன்களில்தான் நிறைவாக இருக்கிறது. அது என்ன செய்கிறது? ரொம்ப நாளாக ‘அழற்சியைக் குறைக்கும்’ என்று மட்டும் சொல்லிவந்தோம். சார்லஸ் செர்ஹான் என்ற ஆய்வாளர் இன்னும் நுட்பமாகக் காட்டினார். இந்தக் கொழுப்பிலிருந்து உடம்பு சில பொருள்களைச் செய்துகொள்கிறது. சண்டை முடிந்ததும் ‘போதும், வீட்டுக்குப் போங்கள்’ என்று படைக்குச் சொல்கிற தூதுவர்கள் அவை. படையைத் தடுப்பதில்லை, திருப்பி அனுப்புகின்றன.

அப்படியானால் மாத்திரையாகவே விழுங்கலாமே என்றால், அதையும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 25,871 பேருக்கு ஐந்து வருடம் தினமும் ஒரு கிராம் மீன் எண்ணெய், இல்லாவிட்டால் வெறும் மாத்திரை. 2018-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு என்று மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. வாரம் இரண்டு முறை மீன் சாப்பிடச் சொல்கிற அமெரிக்க இதய சங்கத்தின் பழைய அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது. மீன் தட்டுக்கு வரும்போது தனியாக வருவதில்லை. கூடவே புரதம் வருகிறது, முள்ளோடு மென்றால் சுண்ணாம்புச் சத்து வருகிறது, புளியும் வெந்தயமும் சின்ன வெங்காயமும் வருகின்றன. அதைவிட முக்கியம், அந்த இடத்தில் புரோட்டா வராமல் போகிறது. மாத்திரையால் இது எதுவும் ஆகாது.

ஆனால் நம் சூடை எங்கே போகிறது? மொத்தமாக விழுந்தால் ஆலைக்கு, மாவும் எண்ணெயுமாக. வலையில் விழும் பொடி மீனெல்லாம் சங்காயமாகி, காய்ந்து, கோழித்தீவனத்துக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். கரையில் மீன் குறைவு. அப்போது நம் வீடுகளில் என்ன கொதிக்கிறது? பிராய்லர் கோழி. அந்தக் கோழி தின்றது எது என்று கொஞ்சம் யோசியுங்கள். நம் கடலின் மீனை நாமக்கல் வழியாகச் சுற்றிவரச் செய்து கோழியாக வாங்குகிறோம்!

மீனைச் சமைப்பதிலும் ஒரு வார்த்தை. குழம்பு வையுங்கள், அவியுங்கள். பொரிப்பது மாதத்துக்கு ஒரு நாள் ஆசைக்கு. பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள், அதற்கு மறுநாள் என்று கருக்கும் வரை ஓட்டுவதுதான் உண்மையான கேடு. டீக்கடை வடைச்சட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு வடையை எடுங்கள். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கும்போது ஏழை வீட்டுப் பெண்ணிடம் ‘செக்கு நல்லெண்ணெய் வாங்கு’ என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. அளவைக் குறையுங்கள், திரும்பக் காய்ச்சாதீர்கள். அதுவே பாதி வேலை. கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து கிராம் உப்புதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அந்தக் கணக்கை ஒரு துண்டுக் கருவாடே பெரும்பாலும் தின்றுவிடும்.

மீன் ‘சூடு’ என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அந்தக் குண்டு மிளகாயைக் கடித்தால் வாய் பற்றி எரிகிறதே, அது அழற்சியா? இல்லை. சூட்டை உணர்வதற்காக நரம்பு நுனியில் ஒரு பூட்டு இருக்கிறது. மிளகாய்க்காரம் கள்ளச்சாவி. நெருப்பே இல்லாமல் நெருப்பு என்று மூளைக்குச் சேதி போகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு வாங்கினார். நாக்கு சொல்லும் சூடு வேறு, நான் சொல்லும் மூட்டம் வேறு. கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு நாக்குக்குக் குளிர்ச்சி, கணையத்துக்கு விறகு. கீழக்கரைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெருநாளைக்குத் தின்னுங்கள், நானும் தின்பேன். கருப்பட்டியில் செய்தது என்பதால் சர்க்கரைக் கணக்கிலிருந்து தப்பிக்காது, அவ்வளவுதான்.

மஞ்சள்? கேட்பீர்கள் என்று தெரியும். மஞ்சளில் உள்ள குர்குமின் சோதனைக் குழாயில் அழற்சியை அடக்குகிறது, உண்மை. ஆனால் விழுங்கினால் ரத்தத்தில் சேருவது சொற்பம். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல், மிளகின் சத்தோடு கொடுத்தால் ரத்தத்தில் பல மடங்கு சேர்கிறது என்று காட்டினார்கள். நம் குழம்பில் இரண்டும் இருக்கின்றன, நல்லது. அதற்காகக் குழம்பு மருந்தாகிவிடாது.

மீன் தின்னாதவர்களுக்கு? பயறு, கீரை, தவிடு நீக்காத குதிரைவாலி, கேழ்வரகு. இவற்றில் இருக்கிற நார்ச்சத்து நமக்கு ஜீரணமாவதில்லை. பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு அது சோறு. அவை அதைத் தின்று வெளியிடுகிற அமிலங்கள் குடல்சுவரை இறுக்கிக் காக்கின்றன. பட்டினி கிடக்கும் நுண்ணுயிர் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கும். கமுதிக்காரர் குதிரைவாலியை விளைவித்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, ரேஷன் அரிசியை வெள்ளையாக வடித்துத் தின்கிறார். சூடையின் கதைதான் இங்கேயும்.

கடலில் இன்னொன்று இருக்கிறது, பாசி. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்களே, அதை ஊரார் ‘பெப்சி பாசி’ என்பார்கள். அந்தக் கம்பெனி முதலில் வளர்க்கச் சொல்லித்தந்ததால் வந்த பெயர். அதிலிருந்து காராஜீனன் எடுக்கிறார்கள், ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க. இதில் ஒரு வேடிக்கை. உலகம் முழுவதும் ஆய்வகங்களில் புது அழற்சி மருந்தைச் சோதிக்க வேண்டுமானால், முதலில் எலியின் பாதத்தை வீங்கவைக்க வேண்டும். 1962-லிருந்து அதற்கு ஊசியில் ஏற்றுவது இந்தக் காராஜீனன் வகையைத்தான். கடற்பாசிகளிலிருந்தே மூட்டுவலிக்கு ஒரு சத்து மாத்திரையும் வந்துவிட்டது. செய்தவர்கள் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். கொச்சிக்குப் போகுமுன் நம் மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்த அதே நிலையம்தான். பாசி வீக்கத்தை ஏற்றவும் செய்கிறது, இறக்கவும் செய்கிறது. எந்த வகை, எந்த வழி, எவ்வளவு என்பதில்தான் எல்லாம். நோன்பு திறக்கும்போது வைக்கிற கடல்பாசியைப் பயப்படாமல் சாப்பிடுங்கள், சர்க்கரையை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

சின்னப்பாலத்துப் பெண்கள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சையடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கிறார்கள். அவர்களில் லட்சுமி என்பவருக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெண்கள் மூட்டுவலி என்று வந்தால், ‘அழற்சியைக் குறைக்கும் உணவு’ என்று ஒரு காகிதத்தைக் கையில் கொடுப்பது அநியாயம். உப்பில் ஊறிய உடம்புக்கும் தேய்ந்த மூட்டுக்கும் வேண்டியது ஓய்வும் கூலியும். உணவு எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று நான் சொல்லவில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். இங்கே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாளில் நாட்டுப்படகு. காலையில் டோக்கன் வாங்கிப் போன விசைப்படகு மறுநாள் காலையில் கரை திரும்புகிறது. அந்த ராத்திரி படகில் யாராவது தூங்குகிறார்களா? தூக்கம் கெட்டால் ரத்தத்தில் அழற்சிக் குறிகள் ஏறுகின்றன. ராத்திரி விழித்திருக்க டீ, பீடி, கன்னத்தில் புகையிலை. இந்த மூன்றில் பின்னிரண்டும் மூட்டத்தில் நேரே எண்ணெய் ஊற்றுகிற வேலை. பீடியை விடாமல் மீனைத் தின்று என்ன பிரயோசனம்? கரை வந்த அன்றைக்குப் பகலில் வீட்டார் இவர்களைத் தூங்கவிட வேண்டும். வட்டிக்காரரும் சங்கக் கூட்டமும் சாயங்காலம் வரட்டும்.

பல்லையும் பாருங்கள். ஈறில் சீழ் வைத்துக்கொண்டு பல வருடம் இருப்பவர்கள் இங்கே ஏராளம். அது உடம்பு முழுதுக்கும் அழற்சியைக் கசியவிடும் ஊற்று. பல் டாக்டரிடம் பிடுங்கத்தான் போவது என்ற வழக்கம் போக வேண்டும்.

நடை பற்றி ஒரே ஒரு செய்தி. இன்டர்லூகின்-6 என்று ஒரு பொருள். தொப்பைக் கொழுப்பு அதை நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விடுகிறது, அது கேடு. நடக்கும்போது, துடுப்புப் போடும்போது தசையும் அதையே விடுகிறது, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு. அந்த நேரத்தில் அதுவே அழற்சியை அடக்கும் பொருள்களைக் கூட்டிவருகிறது. கோபன்ஹேகனில் பென்டே பீடர்சன் என்ற அம்மையார் இதைக் கண்டார். பாய்மரமும் துடுப்பும் இருந்த காலத்தில் இதை யாரும் நமக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று எஞ்சின் ஓடுகிறது, கரையிலும் இரண்டு தெரு தள்ளிப் போக பைக். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நாலு கிலோ பாரம் குறைகிறது. மூட்டுவலிக்காரர்கள் இதைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

சில எச்சரிக்கைகள். கடையில் ‘வலி மாத்திரை ரெண்டு’ என்று வாங்கி விழுங்கி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீரகம் போகும். நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதேபோல் இன்றைய பேச்சைக் கேட்டு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிற சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தச் சோதனைக்கும் ஓடாதீர்கள். சளி பிடித்தாலே அது ஏறும். அரைஞாண் கயிறு இலவசம்.

அந்தப் பாம்பன் அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்கவில்லையே! டப்பாவைத் தீர்த்துவிடுங்கள், மகன் காசு போட்டு வாங்கியது, அடுத்து வாங்க வேண்டாம் என்றேன். வடையை நிறுத்தி, சொத்தைப் பல்லைப் பார்க்க அனுப்பினேன். நாலு மாதம் கழித்து வந்தார். எடை மூன்று கிலோ குறைந்திருந்தது, சர்க்கரை பரவாயில்லை. மூட்டுவலி கொஞ்சம் மட்டும்தான் குறைந்திருந்தது. ‘மீன் சாப்பிடுறீங்களா?’ என்றேன்.

‘கூடையை எடை போடுறதுக்கு முன்னாடி ஒரு கை சூடையை அள்ளி முந்தானையில முடிஞ்சுக்கிறேன் ஐயா’ என்றார். ‘ஏவாரி முறைக்கிறான்.’